திற, மூடு, சேமி

பேச்சில் ‘நெட்’ என்று சொல்பவருக்கும், எழுத உட்கார்ந்தால் கை தானாக ‘இணையம்’ என்றுதான் எழுதுகிறது. பாடநூலில் இருக்கிறது, நாளிதழில் இருக்கிறது, அரசாணையில் இருக்கிறது. என்றைக்கோ பிறந்த பழஞ்சொல் போல அவ்வளவு இயல்பாகப் புழங்குகிறது. ஆனால் அதற்கு வயது முப்பதைச் சுற்றித்தான். சிங்கப்பூரில் ஆசிரியராக இருந்து சிறுகதைகளும் எழுதிய நா. கோவிந்தசாமி தந்த சொல் அது என்றுதான் எங்களுக்கு முந்தியவர்கள் சொல்லித் தந்தார்கள். கணியன் என்ற பெயரில் தமிழ் மென்பொருள் செய்தவர் அவர். 1995இலேயே தமிழ்க் கவிதைகளை வலையில் ஏற்றினார். 1997இல் சிங்கப்பூரில் முதல் தமிழ் இணைய மாநாட்டைக் கூட்டினார். 1999இல் மறைந்துவிட்டார். தான் விட்டுப்போன சொல் எத்தனை கோடி வாய்க்குள் புகுந்தது என்று பார்க்க அவருக்கு வாய்க்கவில்லை. அந்தச் சொல்லை எழுதும் பெரும்பாலோருக்கு அவர் பெயரும் தெரியாது.

எனக்கு அந்தப் பெயர் தெரியவந்தது 2000களின் தொடக்கத்தில். அலுவலகம் முடிந்து வந்து, இரவில் கட்டற்ற மென்பொருள்களைத் தமிழாக்கும் ஒரு சிறு கூட்டத்தோடு சேர்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கூட்டத்தையும் அந்தக் காலத்தையும் நான் இவ்வளவு நினைத்துக்கொண்டிருப்பதற்கு ஒரே காரணம், அங்கே சொல் பிறந்த விதம்தான். சொல்லைச் செய்தவரும் அதைப் பயன்படுத்தியவரும் ஒரே ஆளாக இருந்தார்கள். ராத்திரி திரையில் வரும் ஒரு பட்டியலுக்கு, அதாவது ‘மெனு’வுக்கு, சொல் தேடியவர் மறுநாள் அதே பட்டியலை அழுத்தித்தான் தன் கடிதத்தை அச்சடித்தார். பிடிக்காவிட்டால் அன்றைக்கே மடல் வரும், காரணத்தோடு.

அப்போது தமிழைத் திரையில் பார்ப்பதே பெரும்பாடு. எழுத்தைக் கணினிக்குள் எண்ணாக வைக்கும் முறை, அதாவது குறியேற்றம், ஒன்றாக இல்லை. திஸ்கி ஒரு பக்கம், 1999 சென்னை மாநாட்டிலிருந்து வந்த டாம், டாப் ஒரு பக்கம், நாளிதழ்கள் ஆளுக்கொன்றாக வைத்திருந்த குறியேற்றம் இன்னொரு பக்கம். ஒரு தளத்துக்கான எழுத்துரு இல்லாமல் அதைத் திறந்தால், தலையில் கொம்பும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள் திரை முழுக்கக் கொட்டிக் கிடக்கும். பிரவுசிங் சென்டருக்குப் போகும்போது எழுத்துருக்களை ஒரு ஃப்ளாப்பியில் போட்டுப் பையில் வைத்திருப்பேன். அதை நிறுவிய பிறகுதான் படிக்கவே முடியும். அடுத்த முறை போவதற்குள் கடைக்காரர் கணினியைச் சுத்தமாக அழித்து எல்லாவற்றையும் புதிதாக ஏற்றியிருப்பார், முதலிலிருந்து தொடங்க வேண்டும். எல்லோருக்கும் பொதுவான ஒருங்குறி (யூனிகோட்) வந்த பிறகும் விண்டோஸ் 98 வைத்திருந்தவர்களுக்கு அது ஒழுங்காகத் தெரியவில்லை. அவர்களுக்காக அதிராம்பட்டினத்து உமர்தம்பி தேனீ எழுத்துருவைச் செய்து கொடுத்தார். பழைய குறியேற்றத்தில் கிடந்ததையெல்லாம் ஒருங்குறிக்கு மாற்ற சுரதா என்ற நிரலர் செய்த பொங்குதமிழ் மாற்றி இருந்தது. தட்டச்சுக்கு எ-கலப்பை. இவற்றுக்கெல்லாம் யாரும் காசு கேட்கவில்லை. உமர்தம்பி 2006இல் போய்விட்டார். அவர் எழுத்துருவில் முதல்முறையாகத் தமிழைப் பார்த்தவர்கள் இன்றைக்கும் அவர் பெயரை மரியாதையோடு சொல்கிறார்கள், சொல்லத்தான் வேண்டும்.

இப்படிப் பாடுபட்டு ஒரு பக்கத்தைத் திறந்தவர்கள் அதில் எழுதிய ஒவ்வொரு சொல்லையும் நிதானமாகப் படித்தார்கள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மொழிபெயர்ப்புக் கோப்பு எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். மேலே ஆங்கிலத்தில் ஒரு வரி, கீழே மேற்கோள் குறிக்குள் வெற்றிடம். அப்படி ஆயிரக்கணக்கில் போகும். சுற்றியிருக்கும் திரை தெரியாது, பொத்தானா தலைப்பா என்று தெரியாது. ‘ஓப்பன்’ என்று மட்டும் நிற்கும். கோப்பைத் திறக்கச் சொல்கிறதா, கோப்பு திறந்திருக்கிறது என்று தெரிவிக்கிறதா? ஆங்கிலத்துக்கு இரண்டும் ஒன்று. நமக்குத் திற வேறு, திறந்தது வேறு.

எங்கள் முதல் பெரிய சண்டை அதிலேயே வந்தது. ‘திற’ என்று போடுவதா, ‘திறக்கவும்’ என்று போடுவதா? பாதிப் பேருக்கு ‘திற’ மரியாதைக் குறைவாகப் பட்டது. அரசு அலுவலகப் படிவங்களில் ‘நிரப்பவும்’, ‘ஒட்டவும்’ என்றுதானே பார்த்து வளர்ந்திருக்கிறோம். கூட்டத்தில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருந்தார். எல்லோரும் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: யார் யாரை ஏவுகிறார்கள்? பட்டியலில் இருப்பதை அழுத்தும்போது மனிதர் கணினியை ஏவுகிறார். அங்கே ஏவல் ஒருமை போதும்: திற, மூடு, சேமி, வெட்டு, ஒட்டு. கணினி மனிதரிடம் ஒன்றைக் கேட்கும்போது மட்டும் ‘கடவுச்சொல்லை உள்ளிடவும்’ என்று மரியாதையோடு கேட்கட்டும். நன்னூல் படித்தவர் ஒரே மடலில் தீர்த்துவைத்த சிக்கல் அது. இன்றைக்கும் எந்தக் கருவியில் தமிழைப் பார்த்தாலும் இந்த ஒழுங்கு இருக்கிறதா என்று என் கண் முதலில் தேடுகிறது. பெரிய நிறுவனங்கள் செய்த மொழிபெயர்ப்பிலும் ‘ரத்துசெய்’ பக்கத்தில் ‘சமர்ப்பிக்கவும்’ நிற்கும். யாரும் ஐயாவைப் போல ஒரு கேள்வி கேட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அடுத்த சோதனை, சொல் வினையாக நடக்கிறதா என்பது. ‘கிளிக்’குக்கு வைத்த ‘சொடுக்கு’ நடந்தது. சொடுக்கினேன், சொடுக்கியதும், சொடுக்காமல், எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திரும்பியது. விரலைச் சொடுக்கும் ஓசையும் உள்ளே இருந்தது. ‘தரவிறக்கு’, ‘பதிவேற்று’ நடந்தன. பின்னால் ‘ட்வீட்’டுக்கு வந்த ‘கீச்சு’ம் அப்படித்தான், கீச்சினார் என்று எழுத முடிந்தது. ‘செய்’, ‘பண்ணு’ என்று ஒரு துணையைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கும் என்றால் அந்தச் சொல்லை மக்கள் விட்டுவிட்டு ஆங்கிலச் சொல்லோடு அதே ‘பண்ணு’வைச் சேர்த்துக்கொள்வார்கள். ‘டவுன்லோடு பண்ணு’வுக்குப் பதில் ‘பதிவிறக்கம் பண்ணு’ என்று சொல்வதில் பேசுபவருக்கு என்ன லாபம்?

நீளமும் ஒரு சோதனை. பொத்தானில் இடம் கொஞ்சம்தான். அகராதியிலிருந்து எடுத்துப் போட்ட அழகான சொல் திரையில் வால் அறுந்து நிற்பதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கும். ‘அன்டூ’வுக்கு அதனால்தான் கடைசிவரை ஒழுங்கான சொல் அமையவில்லை என்பது என் எண்ணம். ‘செயல்நீக்கு’ என்றார்கள், ‘மீளமை’ என்றார்கள், ‘முன்செயல் தவிர்’ என்றுகூட வந்தது. செய்ததைச் செய்யாததாக்கு என்று சொல்ல வேண்டும், அதுவும் ஓரசை ஈரசைக்குள். எனக்கு இன்னும் தீராத ஆசை அது.

எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்த சொல் ‘வழு’. மென்பொருளில் வரும் ‘பக்’குக்குப் பூச்சி என்று நேராக மொழிபெயர்த்தவர்களும் உண்டு. வழு என்று யார் முதலில் எழுதினார்களோ, அவர்களுக்கு இலக்கணம் தெரிந்திருந்தது. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்று ஏழு இடத்தில் வழு வரும் என்று நம் இலக்கணம் சொல்கிறது. ‘அவன் வந்தாள்’ என்பது பால்வழு. பிழைக்குள்ளும் ஒரு வகைப்பாடு வைத்திருந்த மரபு இது. மென்பொருளிலும் அதே கதைதான், விதிப்படி வரவேண்டியது வேறு மாதிரி வந்து நிற்கிறது. ஐயா இதைப் படித்துவிட்டு இன்னும் ஒரு படி போனார். வழு இருந்தால் வழுவமைதியும் இருக்க வேண்டுமே என்றார். பிழைதான், ஆனால் காரணம் இருப்பதால் ஏற்றுக்கொள்ளப்பட்டது. மகிழ்ச்சியில் பசுவைப் பார்த்து ‘என் அம்மை வந்தாள்’ என்பது இலக்கணத்தில் திணை வழுவமைதி. மென்பொருளில், இது இப்படித்தான் இருக்கும், திருத்தப்போவதில்லை என்று எழுதி மூடிவைக்கும் வழுக்கள் எத்தனையோ உண்டு. அவற்றுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எந்த மொழியிலாவது இருக்குமா? வழு நிலைத்துவிட்டது. வழுவமைதியை எங்கள் கூட்டத்துக்கு வெளியே யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொள்ள வேண்டும் என்று இப்போதும் சொல்வேன்.

எங்களில் பாதிக்கு மேல் தமிழ்நாட்டுக்காரர்கள் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து டொராண்டோவுக்கும் பாரிசுக்கும் போனவர்கள், கோலாலம்பூர், சிங்கப்பூர் ஆட்கள். ஈழத்துத் தமிழைப் பாட்டிலும் வானொலியிலும் மட்டும் கேட்டிருந்த எனக்கு அது வேலை செய்யும் மொழியாகக் கிடைத்தது இங்கேதான். நாம் பேக்கரி என்று எழுதிக்கொண்டிருந்தபோது அவர்கள் ஊரில் ‘வெதுப்பகம்’ என்று பலகையே வைத்திருந்தார்கள். சிங்கப்பூர்க்காரர்கள் மின்தூக்கியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். மவுசை நான் ‘சொடுக்கி’ என்று எழுதப் போக, கனடாவிலிருந்து ஒரு தம்பி, “அக்கா, நாங்கள் சுட்டி எண்டுதான் சொல்லுறனாங்கள்” என்று எழுதினான். ஆனால் இங்கே பலர் தளத்தின் இணைப்பைத்தான் சுட்டி என்றார்கள். கணனியா கணினியா கணிப்பொறியா என்பது தனி வழக்கு. ‘கணனி’ தப்பு என்று இங்கே ஒருவர் சொல்ல, எங்கள் பிள்ளைகள் பள்ளியில் படிக்கிற சொல்லைத் தப்பென்று சொல்ல நீங்கள் யார் என்று அங்கிருந்து பதில் வர, சில நாள் வேலையே நின்றுபோனது. முடிவில் எழுதினவர் எழுதினபடியே இருக்கட்டும் என்று விட்டோம். அதுவே சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஒரு மொழி இத்தனை நாடுகளில் வாழும்போது சில பொருளுக்கு இரண்டு சொல் இருந்துவிட்டுப் போகட்டும்.

இவ்வளவும் கலைச்சொல் சங்கதி. இன்னொரு பக்கம், யாரும் கலைச்சொல் என்று நினைத்துச் செய்யாத சொற்கள் விளைந்துகொண்டிருந்தன. வலைப்பதிவுகள் பெருகி, 2004இல் பதிவுகளை ஓரிடத்தில் சேர்த்துக் காட்டும் தமிழ்மணம் திரட்டி வந்து எல்லோரையும் ஒரே திண்ணையில் உட்காரவைத்த பிறகு அது வேகம் பிடித்தது. ‘திரட்டி’ என்பதே எவ்வளவு நல்ல சொல்! ‘வலைப்பூ’ என்று முதலில் ஆசையாகச் சொன்னார்கள். ஆனால் அதை எழுதுபவரை என்னவென்று அழைப்பது? ‘வலைப்பதிவு’ வென்றதற்கு அதிலிருந்து ‘பதிவர்’ பிறந்ததுதான் காரணம் என்பேன். பிறகு பதிவுலகம், பதிவர் சந்திப்பு என்று குடும்பம் பெருகியது. பெயர் போடாமல் எழுதுபவர் ‘அனானி’. எழுதியதற்கு உள்ளே வேறு யாரையோ குத்தும் பொருள் வைத்திருந்தால் ‘உள்குத்து’. சேர்ந்து அரட்டை அடித்தால் ‘கும்மி’. அலுவலகத்தில் வேலை அதிகம் என்றால் ‘ஆணி அதிகம்’. சினிமா நகைச்சுவைக் காட்சியிலிருந்து வந்த சொல் அது. தேவையில்லாத ஆணியைப் பிடுங்கும் வேலை என்று எல்லா மென்பொருள்காரர்களும் தங்கள் பிழைப்பை அதில் கண்டுகொண்டார்கள். உள்குத்து இன்றைக்கு அரசியல் செய்தியில்கூடப் புழங்குகிறது. எந்தக் குழுவும் அதை அங்கீகரிக்கவில்லை, எந்தப் பட்டியலிலும் அது ஏறவில்லை.

சொல் தேடித் திண்டாடுவது நமக்குப் புதிதில்லை. பாரதியே ‘மெம்பர்’ என்பதற்குச் சொல் தேடி அவயவி, அங்கத்தான், சபிகன் என்று ஒவ்வொன்றாக எடைபோட்டுப் பார்த்து, எதுவும் ஒத்துவராமல் ‘மெம்பர்’ என்றே எழுதிவைத்தார். பின்னால் ‘உறுப்பினர்’ வந்தது, இன்று சட்டமன்றத்திலிருந்து சங்கம்வரை அதுதான். அதற்கும் முன்னால் 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க மருத்துவர் தமிழிலேயே மருத்துவம் கற்பிக்க நூல்களை மொழிபெயர்த்துச் சொற்களையும் உருவாக்கினார். 1916இல் ராஜாஜியும் நண்பரும் சேர்ந்து அறிவியல் சொற்களுக்காகவே சேலத்தில் ஒரு சங்கம் வைத்தார்கள். எங்கள் காலத்தில் கைக்கு அடக்கமாக இருந்தவை மணவை முஸ்தபாவின் கலைச்சொல் தொகுப்புகள். இத்தனை பேர் நடந்த பாதை என்று தெரிந்திருந்ததால் எங்களுக்கு ஒரு சொல் தோற்றால் பெரிய துக்கம் இல்லை. ‘வேர்ல்டு வைடு வெப்’புக்கு வைத்த ‘வையவிரிவலை’ தோற்றது, ஓசை அழகாக இருந்தும். ‘செயலி’ பிழைத்தது, ஆனால் வேறு வேலைக்குப் போய்விட்டது. அது முதலில் கணினிக்குள் இருக்கும் சில்லுக்கு, நுண்செயலிக்கு வைத்த பெயர். கைபேசி வந்ததும் மக்கள் அதைத் தூக்கி ‘ஆப்’புக்கு வைத்துக்கொண்டார்கள். பட்டியல் போட்டவர்கள் எதிர்பார்க்காத திருப்பம், மக்கள் முடிவு.

எனக்கு உண்மையில் வலிப்பது சொற்கள் தோற்றதில் இல்லை, அந்தப் பேச்சு போனதில். பலர் தங்கள் தளங்களை வைத்திருந்த ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபரில் மூடப்பட்டது. மடல் வழியாகப் பேசிக்கொண்ட யாஹூ குழுமங்கள் 2020 டிசம்பரில் மூடப்பட்டன. தமிழ் இணையத்தின் முதல் பத்தாண்டில் எழுதியவை பெரும்பாலும் இப்படி யாரோ இலவசமாகத் தந்த இடத்தில்தான் இருந்தன. ‘இற்றைப்படுத்து’ என்ற சொல்லை இன்று ஒரு மாணவர் அகராதியில் பார்க்கலாம். இற்றைத் திங்கள் என்ற சங்கப்பாடல் தொடரை ஒருவர் நினைவூட்டியபோது ‘அப்டேட்’டுக்கு அது எவ்வளவு பொருந்துகிறது என்று எத்தனை பேர் சந்தோஷப்பட்டோம் என்பது எந்த அகராதியிலும் இல்லை. வேண்டாம் என்று சொன்னவர்கள் என்ன காரணம் சொன்னார்கள் என்பதும் இல்லை. சொல்லுக்குப் பொருள் எழுதுகிறோம், அதன் பிறப்பை எழுதுவதில்லை. அந்தக் காலத்து ஆட்கள் பலருக்கு இப்போது அறுபது, எழுபது வயது. இதைப் படிக்கும் யாராவது அப்படி ஒருவரை அறிந்திருந்தால், ஒரே ஒரு சொல்லின் கதையையாவது கேட்டு எழுதிவையுங்கள். பெரிய ஆய்வாக வேண்டாம். எந்தச் சொல், எதற்காகத் தேடினார்கள், வேறு என்னென்ன பரிசீலித்தார்கள், ஏன் இது நின்றது, அவ்வளவுதான்.

இப்போதும் சொல் செய்கிறார்கள். 1974இல் பாவாணரை முதல் இயக்குநராகக் கொண்டு தொடங்கிய அகரமுதலித் திட்ட இயக்ககம் சொற்குவை என்று பெரிய தொகுப்பை நடத்துகிறது. தேடினால் ஏறத்தாழ எல்லாவற்றுக்கும் ஒரு சொல் கிடைக்கும். அந்த உழைப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பட்டியலில் சொல்லைப் பார்க்கும்போது வினையாக நடக்கிறதா, பொத்தானில் அடங்குகிறதா என்று எனக்கு அடுத்த கேள்வி வருகிறது, அதைக் கேட்கத்தான் ஆள் இல்லை. ஃபேஸ்புக்குக்கு வைத்த ‘முகநூல்’, வாட்ஸ்அப்புக்கு வைத்த ‘புலனம்’ பற்றி மட்டும் ஓயாமல் விவாதம் நடக்கிறது. ஃபேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் நிறுவனங்கள் வைத்த பெயர், ஒருவர் பெயரை நாம் மொழிபெயர்ப்பதில்லையே. அந்த நேரத்தை ‘ஸ்க்ரோல்’, ‘அன்டூ’, ‘நோட்டிஃபிகேஷன்’ என்று தினமும் விரல் தொடும் வினைகளுக்குச் செலவழிக்கலாம்.

ஆகவே பழைய வழக்கப்படி ஒன்றை முன்வைக்கிறேன். செயற்கை நுண்ணறிவிடம் நாம் தட்டச்சிடும் ‘பிராம்ப்ட்’டுக்கு ‘ஏவல்’ என்று சொல்லலாம். தூண்டல் என்று சிலர் எழுதுகிறார்கள். அது பள்ளி உயிரியலில் துலங்கலுக்கு முன்னால் வருவது, இயற்பியலில் மின்காந்தத்தோடு வருவது, ஏற்கெனவே கைநிறைய வேலை உள்ள சொல். கட்டளை என்றால் ‘கமாண்ட்’டோடு குழம்பும். ஏவல் இலக்கணத்தில் இருக்கிறது, மூன்று எழுத்து, ‘ஏவு’ என்று வினையாக நடக்கிறது. ஏவினேன், ஏவிப் பார், சரியாக ஏவத் தெரிய வேண்டும், ஏவலைத் திருத்து. யார் யாரை ஏவுகிறார்கள் என்ற ஐயாவின் கேள்விக்கும் பதில் அதற்குள்ளேயே இருக்கிறது.

ஒரு மறுப்பு எனக்கே தோன்றுகிறது. ஏவல், பில்லி, சூனியம் என்று சேர்த்துச் சொல்லும் வழக்கு நம்மிடம் வலுவாக இருக்கிறது. கிராமத்தில் ஒரு பாட்டியிடம் ‘ஏவல் எழுதுகிறேன்’ என்றால் அவர் பதறிப்போகலாம். அந்த வாடை இந்தச் சொல்லை முடக்கிவிடும் என்று நினைப்பவர்கள், அல்லது ‘ஏவுகணை’யின் போர்வாடை பிடிக்காதவர்கள், மாற்றுச் சொல்லோடு எழுதுங்கள். வினையாக நடக்க வேண்டும், பொத்தானில் அடங்க வேண்டும். ஈழத்திலும் மலேசியாவிலும் இதற்கு இப்போது என்ன சொல்கிறீர்கள் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.